ஆற்றைத் தாண்டிய வைரஸ்

பிப்ரவரி 6

என் செல்ல வாலுக்கு,

நான் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்றுதான் எழுதுவாய், அதில் பாதியைத்தான் நான் நம்புவேன். இருமல் போயிற்றா? கதவைத் தாழ் போட்டுக்கொண்டுதானே படுக்கிறாய்? உன் மலைச்சரிவில் போன் எடுக்காததிலும் ஒரு நல்லது இருக்கிறது. எங்கள் ஆய்வுக்கு மாதாமாதம் நீ தேனீக்கள் அனுப்பும் ஐஸ் பெட்டியில் உன் கடிதமும் வந்துவிடுகிறது, காலிப் பெட்டி திரும்பும்போது என் கடிதமும் உன்னிடம் வந்துவிடுகிறது.

சரி, உட்கார்ந்து படி. உன் மூன்றாம் தேனீப் பெட்டியில் வைரஸ் இருக்கிறது.

உடனே முகத்தைத் தொங்கப் போடாதே. உன் பெட்டி உயிரோடுதான் இருக்கிறது, இருக்கவும் போகிறது. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு ஒரு சோதனை செய்தார்களே, ஏறக்குறைய அதேதான். உன் தேனீக்களுக்கு மூக்கு தேடிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை, மொத்தமாக நசுக்கிவிட்டேன். திரையில் ஒரு கோடு தரையோடு தரையாக ஊர்ந்துகொண்டே இருக்கும். வைரஸ் இருந்தால் ஒரு கட்டத்தில் எழும்பும். உன்னுடையது எழும்பிய வேகத்தைப் பார்த்து நான் நாற்காலியிலிருந்து எழும்பினேன். சிறகைச் சுருக்குகிற வைரஸ். உலகத்தில் தேனீ இருக்கிற இடத்திலெல்லாம் இருக்கிற பழைய ஆசாமி.

ஆனால் இது பழைய ஆசாமி இல்லை! அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இந்த வைரஸில் இரண்டு வகை எங்களுக்கு நன்றாகத் தெரியும். எந்த வகை என்று பார்க்க அதன் மரபணு எழுத்துகளை வரிசையாகப் படிப்போம். உன்னுடையதைப் படித்தால் முன்பாதி முதல் வகை, பின்பாதி இரண்டாம் வகை. இரண்டு சட்டைகளைக் கிழித்து ஒரு சட்டையாகத் தைத்த மாதிரி. தையல் விழுந்த இடம்கூடத் தெரிகிறது. அந்த இடத்தில் தையல் போட்ட வைரஸை இதுவரை யாரும் பார்த்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த ஐஸ் பெட்டியில் இரண்டு மடங்கு தேனீ அனுப்பு. நீயாவது சொன்ன தேதியில் அனுப்புகிறாய். உன் ஊர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தேனீ வளர்க்கிற ஒருவர் இந்த ஆய்வில் சேர்ந்திருக்கிறார், திருவாளர் தாமதம் என்று பெயர் வைத்திருக்கிறேன். ஒரு மாதமாவது நேரத்துக்கு அனுப்பியது கிடையாது. இந்த முறை குப்பியில் என்ன எழுதி ஒட்டியிருந்தார் தெரியுமா? "அவசரமில்லை, இவை செத்துவிட்டன."

உன் கணவர் உன்னை விட்டுப் போன பிறகு, இனி யாரையும் அவசரப்பட்டு நம்பமாட்டேன் என்று என் கையில் அடித்துச் சொன்னாய். சொன்னபடி தேனீக்களோடு நிம்மதியாக இருக்கிறாய். அதில் எனக்குப் பெருமைதான்.

முத்தங்களுடன்,
அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்கா,

இருமல் போய்விட்டது, தாழ்ப்பாளும் இருக்கிறது. உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? நாற்காலியிலிருந்து எழும்பினேன் என்று எழுதியிருக்கிறாயே, இனிமேல் எழும்பும்போது மேசையைப் பிடித்துக்கொள்.

நீ தலைமேல் தூக்கி வைத்து ஆடுகிற வைரஸ் என் பெட்டி வாசலில் என்ன செய்கிறது என்று நான் சொல்கிறேன். காலையில் போனால் கசங்கிய காகிதம் மாதிரி சிறகோடு நாலைந்து குஞ்சுகள் கீழே கிடக்கின்றன. பறக்கத் தெரியாமல் புல்லில் நடந்து போகின்றன. உனக்குக் கண்டுபிடிப்பு, எனக்கு வயிற்றெரிச்சல். உண்ணிக்கு மருந்துப் பட்டை தொங்கவிட்டிருக்கிறேன். உண்ணிதான் வைரஸை ஏற்றுகிறது என்று நீதானே சொல்லிக் கொடுத்தாய். பட்டை வைத்த பிறகு குறைந்திருக்கிறது.

உன் வைரஸ் புதியது என்றால் எனக்கும் சந்தோஷம்தான். அதற்கு என் பெயரை வைத்துவிடாதே. ஊரெல்லாம் தேனீக்கள் என்னால் நொண்டுகின்றன என்று ஆகிவிடும்.

அந்தத் திருவாளரை ரொம்பத் திட்டாதே. காற்று அடித்தால் இங்கே படகு ஓடுவதில்லை. அவர் பக்கத்திலிருந்து தபால் எல்லாம் படகில்தான் வரவேண்டும். மனிதர் என்ன செய்வார்?

சாப்பாட்டை ஆய்வகத்திலேயே முடித்துக்கொள்ளாமல் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு.

உன் தங்கை


மார்ச் 11

வாலு,

சௌக்கியம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை. நீ சௌக்கியம், நான் சௌக்கியம், முதுகும் சௌக்கியம், கேள்!

திருவாளர் தாமதத்தின் குப்பிகள் ஒருவழியாக வந்தன. வேண்டாவெறுப்பாக நசுக்கினேன். கோடு எழும்பியது. எழும்பட்டும், அது யாருக்கும் எழும்பும் என்று எழுத்துகளைப் படிக்கப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் முன்பாதி முதல் வகை, பின்பாதி இரண்டாம் வகை. அதே தையல். அதே இடத்தில். ஒரு எழுத்துகூட நகரவில்லை.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதலில் என்னையே சந்தேகப்பட்டேன். உன் குப்பியில் இருந்தது ஒரு சொட்டு அவர் குப்பியில் தெறித்திருந்தால் இப்படித்தான் வரும், எங்கள் தொழிலில் அந்த மாதிரி ஏமாந்து மானம் போனவர்கள் நிறைய. வேறு அறையில், புது மருந்தில், புதுக் குப்பியில் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். மறுபடியும் அதேதான்.

இதற்கு என்ன அர்த்தம் என்று புரிகிறதா? ஒரு சட்டையைத் தாறுமாறாகக் கிழித்துத் தைப்பது ஒருமுறை நடக்கலாம். இரண்டு வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாக அதே இடத்தில் கிழித்து அதே இடத்தில் தைத்தார்கள் என்றால் யார் நம்புவார்கள்? ஓரிடத்தில் பிறந்துதான் இன்னோர் இடத்துக்குப் போயிருக்கிறது. ஆனால் எப்படிப் போயிற்று? நடுவில் அவ்வளவு அகல ஆறு, அதற்கு மேல் ஒரு குன்று. உன் தேனீ அவ்வளவு தூரம் பறக்காது, அவருடையதும் பறக்காது. ஆய்வில் உள்ள மற்ற தோட்டங்கள் ஒன்றிலும் இந்தத் தையல் இல்லை. உங்கள் இரண்டில் மட்டும்தான்.

ஏதோ ஒன்று அதை ஆற்றைத் தாண்டித் தூக்கிப் போயிருக்கிறது, வாலு. அது எது என்று நான் கண்டுபிடிக்கப் போகிறேன்.

நீ எனக்குச் சொல்ல வேண்டியது இதுதான். உன் தேனீக்கள் இப்போது எந்தப் பூவுக்குப் போகின்றன? பெட்டிப் பக்கம் குளவிகள் வருகின்றனவா, எப்படிப்பட்டவை? தண்ணீர் எங்கே குடிக்கின்றன? வேறு யாரோடாவது தேனடை, அடை கட்டியிருக்கும் மரச்சட்டம், ராணி, காலிப் பெட்டி என்று எதையாவது மாற்றிக்கொண்டாயா? உண்ணிப் பட்டை எந்தத் தேதியில் வைத்தாய்? எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் எழுது. அந்த மனிதருக்கும் இதையே அனுப்பியிருக்கிறேன், அவர் பதில் வருவதற்குள் எனக்கு நரைத்துவிடும்.

துள்ளிக் குதித்துக்கொண்டு,
அக்கா


ஏப்ரல் 4

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லாம் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, பெட்டிகள் பெருகுகிற சமயம், நிமிர நேரமில்லை.

நீ கேட்டவை. சரிவின் கீழே மஞ்சள் காட்டுப்பூ கொட்டிக் கிடக்கிறது, காலையில் அதற்குப் போகின்றன. மதியத்துக்கு மேல் பண்ணைக்காரர் வைத்திருக்கும் பழமரங்களுக்கு. தண்ணீர் ஆற்றங்கரை ஈர மணலில் குடிக்கின்றன. நான் வாசலிலேயே தட்டு நிறைய தண்ணீரும் கூழாங்கல்லும் வைத்திருக்கிறேன், அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. தேனீக்கும் வீட்டுத் தண்ணீர் இனிக்காது போலிருக்கிறது.

குளவி வருகிறது. இரண்டு தினுசு. ஒன்று சின்னது, செத்த தேனீயை மட்டும் இழுத்துக்கொண்டு போகும். இன்னொன்று கட்டை விரல் பருமன், பெட்டி வாசலில் ரவுடி மாதிரி அந்தரத்தில் நின்று, வெளியே வருகிறவளைப் பிடித்துத் தலையைக் கடித்துத் துப்பிவிட்டு உடம்பை மட்டும் கொண்டு போகும். பூப்பந்து மட்டையால் அதில் நிறைய பேரை அடித்துப் போட்டிருக்கிறேன். உனக்குப் பயன்படுமென்று ஒரு குப்பி குளவி வைத்திருக்கிறேன், பெட்டியைத் திறக்கும்போது அலறாதே. உண்ணிப் பட்டை பிப்ரவரி இரண்டாம் வாரம் வைத்தேன், மார்ச் கடைசியில் எடுத்தேன்.

கேட்டது எல்லாவற்றுக்கும் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன். உன் உடம்பைப் பார்த்துக்கொள். சந்தோஷமாக இருப்பதும் ஒரு களைப்புதான்.

தங்கை


ஏப்ரல் 17

என் தங்கக் கட்டிக்கு,

நீ நூறு வருஷம் சௌக்கியமாக இரு! உன் மட்டையும் சௌக்கியமாக இருக்கட்டும்!

உன் ரவுடிக் குளவிகளின் உடம்பில் வைரஸ் இருக்கிறது. அதே தையல் போட்ட வைரஸ். ஆற்றின் அந்தப் பக்கத்துக்கு எங்கள் ஓட்டுநரை அனுப்பி அங்கேயும் குளவி பிடித்துவரச் சொன்னேன். வீங்கிய காதோடு வந்து சேர்ந்தார், பாவம். அதிலும் இருக்கிறது! குளவி ஒரு கரையில் தேனீயைத் தின்கிறது, நடுவில் படகுத்துறையில் கூடு கட்டுகிறது, அங்கிருந்து மறு கரைக் குளவிக்கு, அதிலிருந்து மறு கரைத் தேனீக்கு. கைமாற்றிக் கைமாற்றி ஆற்றைத் தாண்டியிருக்கிறது. இதை யாரும் காட்டியதில்லை.

அடை, சட்டம் மாற்றியது பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. குளவியின் குணம் வரைக்கும் வர்ணித்தவள் அதை எழுதவில்லை என்றால் இல்லை என்றுதானே அர்த்தம். அப்படியே குறித்துக்கொண்டேன்.

எங்கள் ஆய்வகத் தலைவிக்குத்தான் இன்னும் மனம் ஒப்பவில்லை. "குளவி தேனீயைத் தின்னுச்சு, அதனால குளவி வயித்துல வைரஸ் இருக்கு. அவ்வளவுதானே?" என்றார். அவருக்கு எப்போதும் எதிலும் ஒரு ஆனால் உண்டு. ஆனாலும் ஆகஸ்ட் நாலாம் தேதி, தேனீ ஆய்வாளர்களும் வளர்ப்பவர்களும் கூடும் ஆண்டுக் கூட்டத்தில் பேச என்னைத்தான் அனுப்புகிறார். என்னை, வாலு! இத்தனை வருஷம் அடுத்தவர் படத்தை மாட்டிவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்த என்னை.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? என் ஒப்பந்தம் இந்த வருஷத்தோடு முடிகிறது. நிரந்தர இடம் ஒன்று காலியாக இருக்கிறது, அதை முடிவு செய்கிறவர்கள் அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் இருப்பார்கள். சரியாகச் சொன்னால் இந்த வேலை எனக்கு வாழ்நாள் வேலை. தப்பாகச் சொன்னால் குளவிக்காரி என்று சிரித்தே ஒழித்துவிடுவார்கள், பிறகு நான் என்ன கண்டுபிடித்தாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனாலும் எனக்குப் பயத்தைவிட ஆசைதான் அதிகமாக இருக்கிறது.

இன்னும் குளவி அனுப்பு.

அக்கா


மே 23

அன்புள்ள அக்கா,

நலம். குளவி இரண்டு குப்பி வைத்திருக்கிறேன்.

நீ பேசப்போவது பற்றி எனக்குப் பெருமையாக இருக்கிறது. நம் அம்மா இருந்திருந்தால் தெருவில் ஒருவரை விட்டிருக்கமாட்டாள்.

ஒன்று கேட்கிறேன், சும்மா தெரிந்துகொள்ளத்தான். குளவி இல்லாமல் வேறு ஏதாவது வழியில் போயிருந்தால் உன் பேச்சு கெட்டுவிடுமா? யாராவது கையில் எடுத்துக்கொண்டு போயிருந்தால் என்று வைத்துக்கொள். அப்போது என்ன ஆகும்? தலைவி சொல்வதையும் கொஞ்சம் கேளேன். அவசரப்படாதே.

வெயில் அதிகம். தண்ணீர் நிறையக் குடி.

தங்கை


ஜூன் 6

வாலு,

உடம்பு எப்படி? கடிதம் என்ன இப்படித் தந்தி மாதிரி வருகிறது? போன மாதமே வந்திருக்க வேண்டியது, ஐஸ் எல்லாம் வெந்நீராகி வந்து சேர்ந்தது. நீயும் அந்தத் தாமதத்தோடு சேர்ந்து கெட்டுப்போகிறாய்.

நீ சும்மா கேட்டதற்குச் சும்மா பதில் சொல்கிறேன். யாராவது ஒரே ஒரு சட்டத்தை ஆற்றின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோயிருந்தால்கூட என் குளவிக் கதை அங்கேயே முடிந்தது. அடை முழுக்கப் புழு, புழு முழுக்க வைரஸ். அதற்கு மேல் குளவி எதற்கு? நான் மேடையில் நின்று அசடு வழிய வேண்டியதுதான். அதனால்தான் கேட்டேன், நீ எழுதாததை இல்லை என்று எடுத்துக்கொண்டுதான் நிம்மதியாக இருக்கிறேன்.

அந்த மனிதரின் பதிலும் வந்துவிட்டது. பூ, தண்ணீர், குளவி எல்லாம் எழுதியிருக்கிறார், குளவிக்கு மீசை வைத்துப் படம்கூடப் போட்டிருக்கிறார். சட்டம் மாற்றினீர்களா என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. நீயும் அதே கேள்வியைத்தான் விட்டிருந்தாய். உனக்கு மறதி, அவருக்குச் சோம்பல். மறுபடி கேட்டு எழுதினேன். "என் பெட்டிகள் நலம், உங்கள் பேச்சு சிறக்க வாழ்த்துகள்" என்று ஒரு வரி அனுப்பியிருக்கிறார். யார் இவரிடம் வாழ்த்துக் கேட்டது? மண்டை காய்கிறது.

படங்கள் பாதி தயார். தையலுக்குச் சிவப்பு, குளவிக்குக் கறுப்பு. கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்க்கிறேன், பக்கத்து வீட்டுக்காரம்மா எனக்கு யாரோடோ சண்டை என்று நினைத்துக் கதவைத் தட்டினாள். நீ வந்து முதல் வரிசையில் உட்காருவாயா? நீ இருந்தால் எனக்கு நாக்கு ஒட்டாது.

அக்கா


ஜூலை 12

வாலு,

பெட்டி வந்தது, குப்பிகள் வந்தன, கடிதம் வரவில்லை. பஞ்சைக்கூடப் பிரித்துத் தேடினேன். உடம்பு சரியில்லையா? நான் ஏதாவது மனம் நோக எழுதிவிட்டேனா? சோதனை ஓட்டமாக ஆய்வகத்தில் எல்லோர் முன்னாலும் பேசினேன், தலைவியைத் தவிர எல்லோரும் கை தட்டினார்கள். கூட்டத்துக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. ஒரு வரி எழுது.

அக்கா


ஜூலை 24

அன்புள்ள அக்கா,

உடம்பு நன்றாக இருக்கிறது. மனம்தான் சரியில்லை. மேடை ஏறுவதற்கு முன் இதைப் படித்துவிடு. நேரத்தில் கிடைக்க வேண்டுமென்று டவுன் துறைக்குப் போகும் படகுக்காரரிடம் கொடுத்து, அங்கிருந்து பஸ்ஸில் போட ஏற்பாடு செய்திருக்கிறேன்.

குளவி இல்லை அக்கா. சட்டம்தான். நான்தான்.

இதெல்லாம் தொடங்கியபோது என் மூன்றாம் பெட்டி ராணியை இழந்திருந்தது. ராணி இல்லாத பெட்டியின் சத்தம் உனக்குத் தெரியாது. ரீங்காரம் இருக்காது, முனகல்தான் இருக்கும். புது முட்டை உள்ள சட்டம் ஒன்றை வேறு பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தால் அதிலிருந்து அவர்களே ஒரு ராணியை வளர்த்துக்கொள்வார்கள். என் மற்ற பெட்டிகளில் கொடுக்கிற நிலையில் முட்டை இல்லை. அக்கரையில் தேன் எடுக்கும் கூடத்தில் இதை யாரிடமோ புலம்பிக்கொண்டிருந்தேன், அடுத்த வரிசையில் நின்றவர் கேட்டிருக்கிறார். மறுநாள் முதல் படகில் வந்துவிட்டார். சட்டத்தைத் தன் ஸ்வெட்டரில் சுற்றி, குளிர் படாமல் வழி நெடுக மடியில் வைத்துக்கொண்டு. அப்போது அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. நான் வாங்க என்று சொல்வதற்குள், "முட்டை ஆறிடுச்சுன்னா வீணாப் போயிடும். பேச்செல்லாம் அப்புறம், முதல்ல பெட்டியத் திறங்க" என்றார்.

நீ திருவாளர் தாமதம் என்கிறாயே, அவர்தான்.

அதற்குப் பிறகு இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே எத்தனை சட்டம் போயிருக்கும் என்று எனக்கே தெரியாது. நாங்களும் போய்வந்தோம். அவர் குப்பிகள் உனக்குத் தாமதமாக வருவதற்குக் காரணமும் நான்தான். முதலில் இங்கே வந்து உனக்கு அனுப்பும் என் ஐஸ் பெட்டியைக் கட்டிக் கொடுத்துவிட்டு, பிறகு போய்த்தான் தன்னுடையதைக் கட்டுகிறார்.

உன் கேள்வி வந்தபோது மற்றதையெல்லாம் எழுதிவிட்டு அந்த ஒன்றில் பேனா நின்றுவிட்டது. மாற்றினேன் என்றால் யாரோடு என்பாய். முதல் தடவை நீ வேண்டாம் என்றாய், நான் கேட்கவில்லை, அது எப்படி முடிந்தது என்று உனக்குத் தெரியும். இரண்டாம் தடவை உன் முகத்தில் அந்தச் சந்தேகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இது நிற்கும் என்று எனக்கே உறுதியான பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் உன் குளவி வந்துவிட்டது. நீ சந்தோஷப்பட்ட வேகத்தைப் பார்த்து அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

அக்காவிடம் சொல்லிவிடு என்று அவர் அப்போதிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார். நேற்று கொஞ்சம் கோபமாகவே சொன்னார். "உன் விஷயத்த நான் எழுத முடியாது. ஆனா பொய்யும் எழுதமாட்டேன், அதான் காலியா விட்டேன். உங்க அக்கா அத்தனை பேர் முன்னாடி தப்பா சொல்லிட்டு நின்னா, அப்புறம் நம்ம ரெண்டு பேரும் அவங்க முகத்துல எப்படி முழிக்கிறது?" என்றார்.

எப்போதிலிருந்து என்று கேட்பாய். போன சூரியகாந்திப் பூக்காலத்திலிருந்து. இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

உன் வேலைக்கு உலை வைத்துவிட்டேன். திட்டு, நன்றாகத் திட்டு. ஆனால் மேடையில் குளவி என்று சொல்லிவிடாதே.

உன் தங்கை


ஆகஸ்ட் 9

அக்கா,

கடிதம் கிடைத்ததா? கூட்டம் முடிந்து ஐந்து நாளாகிறது. படகு வரும்போதெல்லாம் கரைக்குப் போய் நிற்கிறேன். கோபமாக ஒரு வரியாவது எழுது, அது போதும்.

தங்கை


ஆகஸ்ட் 18

அடி வாலு,

நான் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்கமாட்டேன், இப்போது அதற்கு வேறு ஆள் இருக்கிறார்.

முதலில் கோபத்தை முடித்துவிடுகிறேன். உன் கடிதத்தைப் படித்து எழுந்த கோபத்தில் சிவப்பும் கறுப்புமாக அச்சடித்து வைத்திருந்த படங்களைக் கிழித்தேன். உன்னையும் திட்டினேன், அந்த மீசைக் குளவிக்காரரையும் திட்டினேன். பக்கத்து வீட்டுக்காரம்மா மறுபடி வந்து கதவைத் தட்டினாள். நாலு மாதம் என்னைக் குளவி பின்னால் ஓடவிட்டாயே, அதற்கு நேரில் வந்து ஒரு கொட்டு வைப்பேன். கோபம் முடிந்தது.

தலைவியிடம் போய், நீங்கள் சொன்னதுதான் சரி, குளவி வயிற்றில் இருந்தது அது தின்ற தேனீதான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அப்ப சட்டத்தைப் பத்திப் பேசு. உன் கையில் இப்ப அனுமானம் இல்ல, நடந்த விஷயமே இருக்கு" என்றார். இரண்டு பேரும் உட்கார்ந்து பேச்சை அடியோடு மாற்றினோம். உங்கள் பெயரையோ உறவையோ எங்கும் சொல்லவில்லை, பயப்படாதே. ஒரு தோட்டத்தில் ராணி போனது, இன்னொரு தோட்டத்திலிருந்து உதவியாக ஒரு சட்டம் வந்தது, சட்டத்தோடு வைரஸும் வந்தது, இதோ தையல், இதோ இரண்டு கரை. கேட்டவர் எல்லோரும் சட்டம் கொடுத்து வாங்கியவர்கள்தான். குளவியை நம்பி நான் போன வழியையும் சொன்னேன். முன்வரிசையில், எல்லோரையும் கேள்வி கேட்டே அழவைக்கிற பேராசிரியர் எழுந்தார். "சட்டம் கொடுக்கறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பார்க்க ஒரு சுலபமான முறை உங்களால செஞ்சு தர முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றேன். எப்படி என்று எனக்கே அப்போது தெரியாது. நேற்று கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள், அந்த இடம் எனக்குத்தான். அடுத்த மாதம் முதல் நான் நிரந்தரம்!

பதில் எழுத ஏன் இவ்வளவு நாள் என்றால், கூட்டத்துக்குப் பிறகு இன்னொரு வேலை செய்துகொண்டிருந்தேன். இந்த வைரஸ் பெருகப் பெருக அதன் எழுத்துகள் அங்கங்கே மாறிக்கொண்டே போகும். ஒரு வருஷத்துக்கு ஏறக்குறைய இவ்வளவு என்று ஒரு கணக்கு உண்டு. உன் கரை வைரஸும் அவர் கரை வைரஸும் எங்கே ஒன்றாக இருந்து எப்போது இரண்டாகப் பிரிந்தன என்று அந்த மாற்றங்களை வைத்து வம்சாவளிப் படம் போட்டேன். நீ சொன்ன சூரியகாந்திக் காலத்தை வைத்துப் பார்த்தால் படம் நிற்கவே மாட்டேன் என்கிறது. இத்தனை மாற்றம் ஒரு வருஷத்துச் சரக்கு இல்லை. வேறு வேறு முறையில் போட்டுப் பார்த்தேன், தலைவியும் போட்டார். முன்னே பின்னே சில மாதம் இருக்கலாம். ஆனால் அந்தச் சட்டம் ஆற்றைத் தாண்டியது போன வருஷம் இல்லை. அதற்கும் முந்தின வருஷத்து மழையை ஒட்டித்தான்.

அந்த மழையை நான் எப்படி மறப்பேன்? உன் கணவர் உன்னை விட்டுப் போன வருஷம் அது. பாதை அடைத்துக் கிடந்தது. வேலையை உதறிவிட்டு வருகிறேன் என்று எழுதினேன், வராதே, தனியாக இருக்கப் பழகிக்கொள்கிறேன் என்று எழுதினாய். நான் தட்டு கழுவும்போது, தலை துவட்டும்போது, நீ அந்த வீட்டில் ஒற்றை ஆளாக மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கண்ணில் வந்து நிற்கும். இரண்டு வருஷமாக அது என்னை விடவில்லை. இப்போது திரையில் நாலு கோடும் கொஞ்சம் எழுத்தும் சேர்ந்து, இல்லை, அவள் தனியாக இல்லை, அங்கே ஒருவர் இருந்தார் என்கின்றன. ஆய்வகத்தில் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். வேலை கிடைத்த சந்தோஷம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இதில் உன்மேல் எனக்கு ஒரு சொட்டுக் கோபம் இல்லை. ஆனால் சரியான தேதி வேண்டும். எங்கேயாவது ஒரு இடத்தில் உண்மையான தேதி தெரிந்தால் அதை முளை அடித்து மொத்த வம்சாவளியையும் நேராக நிறுத்திவிடலாம். எந்த நாள்? ஒளிக்காமல் எழுது.

உங்கள் இருவருக்கும் அன்புடன்,
அக்கா


ஆகஸ்ட் 27

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். நாங்கள் என்று எழுதிப் பார்க்க நன்றாக இருக்கிறது. உன் வேலைச் செய்தியைப் படகுத்துறையிலேயே நின்று உரக்கப் படித்தேன், படகுக்காரரும் கை தட்டினார்.

சில மாதம் மறைத்தேன் என்றால் மன்னிப்பாய், இரண்டு வருஷம் என்றால் மன்னிப்பாயா என்று பயந்துதான் ஒரு வருஷத்தை விழுங்கினேன். வைரஸ் சாட்சி சொல்லும் என்று யார் கண்டது?

அக்டோபர் 23. போன வருஷத்துக்கு முந்தின வருஷம். காலையில் மழை விட்டிருந்தது, அதனால்தான் படகு வந்தது. சட்டத்தை மூன்றாம் பெட்டிக்குள் இறக்கி மூடினோம். காதை வைத்துக் கேட்டோம், கொஞ்ச நேரத்தில் முனகல் அடங்கியது. அவர் ஸ்வெட்டரை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது, படகை நிறுத்திவிட்டார்கள். நனைந்துபோய்த் திரும்பி வந்து வாசலில் நின்று, "மழை விட்டதும் போயிடுறேன்" என்றார்.

மழை அன்று சாயங்காலமே விட்டுவிட்டது. நான் அவரிடம் சொல்லவில்லை.

உன் தங்கை